அரண்மனையில் ஒரு நோயுற்ற பிள்ளை

பிள்ளைப்பேற்றைச் செல்வங்களுள் தலையாய செல்வமென்று கொள்வது தமிழர் மரபு. அச்செல்வம் நோயோடு பிறந்துவிட்டால் பெற்றோர் செய்வது யாது? காய்ச்சலும் இருமலும் வந்து போகும் விருந்தாளிகள். மருந்து கொடுத்து நான்கு இரவு விழித்திருந்தால் அவை விடைபெற்றுவிடும். பிறப்போடு வந்து வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும் நோயோ வேறு வகையானது. அதன்முன் பணம் வாய்மூடி நிற்கும். பதவி தலைகுனிந்து நிற்கும். அத்தகைய வேளையிலே மனிதன் இறைவனை நாடுகின்றான். கோயிலில் நேர்த்தி வைக்கும் தாயும், மாதாவின் திருமுன் மெழுகுதிரி ஏற்றும் தாயும், தொழுகைக்குப் பின் கையேந்தித் துஆக் கேட்கும் தாயும், போதிமரத்தடியில் விளக்கு வைக்கும் தாயும் வெவ்வேறு சொற்களால் ஒரே விண்ணப்பத்தையே செய்கின்றனர்.

அந்த விண்ணப்பத்தால் ஆவது என்ன? நம்பிக்கை பெற்றோருக்கு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது? இவ்வினாவுக்கு விடைதேடுவோர், ருஷ்ய நாட்டின் கடைசிச் சக்கரவர்த்தினியாகிய அலெக்சாந்திராவின் வாழ்க்கையைச் சற்று நின்று நோக்குதல் நன்று. உலகின் ஆறில் ஒரு பங்கு நிலத்தை ஆண்ட மன்னனுக்கு மனைவியாகவும், ஒரு நோயாளிச் சிறுவனுக்குத் தாயாகவும் இருந்தவர் அவர். வரலாற்று நூல்கள் அவரைப் பெரும்பாலும் முதற் கோலத்திலேயே காட்டுகின்றன. இரண்டாவது கோலத்தில் அவரைக் காண்போர்க்கு, அவர் நம் தெருவிலே வாழும் எந்தத் தாய்க்கும் அந்நியராகத் தோன்றமாட்டார்.

அலெக்சாந்திரா 1872ஆம் ஆண்டு ஜேர்மனியிலுள்ள டாம்ஸ்டாட் நகரிலே பிறந்தார். தந்தை ஹெஸ்ஸே நாட்டின் ஆட்சி வழியினர். தாய் அலிஸ், விக்டோரியா மகாராணியின் மகள். சாவு அக்குழந்தையின் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோயிற்று. அவருக்கு ஒரு வயது நிறைவதற்கு முன்பே, 1873ஆம் ஆண்டில், தமையன் பிரெடெரிக் சாளரத்திலிருந்து தவறி விழுந்து இறந்தான். மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை. வீழ்ச்சியின் பின் உள்ளே பெருகிய இரத்தம் நிற்கவில்லை. 1878ஆம் ஆண்டில் தொண்டை அடைப்பான் நோய் அவ்வீட்டைச் சூறையாடிற்று. இளைய தங்கை முதலில் மாண்டாள். பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்த தாயும் அந்நோயாலேயே மறைந்தார். அப்போது அலெக்சாந்திராவுக்கு வயது ஆறு. அதன்பின் பாட்டியாராகிய விக்டோரியா மகாராணியின் பார்வையிலே அவர் வளர்ந்தார்.

அப்பாட்டியாரின் குடும்பத்திலே ஒரு நோய் மறைந்து வாழ்ந்தது. ஹீமோபிலியா என்பது அதன் பெயர். காயம்பட்டால் சாதாரண மனிதருக்கு இரத்தம் சற்று நேரத்தில் தானே உறைந்துவிடும். இந்நோயினர்க்கு அது எளிதில் உறைவதில்லை. தோலிலே படும் சிறு கீறலை அழுத்திக் கட்டி அடக்கிவிடலாம். வெளியே தோன்றாமல் மூட்டுகளுக்குள்ளும் தசைகளுக்குள்ளும் இரத்தம் கசிவதே பெருந்துன்பம். முழங்காலிலே கசியும் இரத்தம் தோலைப் பிதுக்கிக்கொண்டு வீங்கும், நரம்புகளை நெரிக்கும், நாளடைவில் குருத்தெலும்பை அரித்துக் காலை மடங்கிய நிலையிலேயே நிறுத்திவிடும். இந்நோயின் கொடிய விந்தை இதுதான்: பெண்கள் இதனைச் சுமப்பர், ஆண்கள் இதனால் வருந்துவர். பழுதான பரம்பரையலகு எக்ஸ் என்னும் நிறமூர்த்தத்திலே இருக்கின்றது. பெண்ணுக்கு அந்நிறமூர்த்தம் இரண்டு. ஒன்றில் பழுதிருப்பினும் மற்றொன்று காக்கும். ஆணுக்கு உள்ளது ஒன்றே. ஆகவே அதனைச் சுமக்கும் தாயின் வயிற்றில் உருவாகும் ஒவ்வோர் ஆண்மகவுக்கும் இந்நோய் வருவதற்கும் வராமற் போவதற்கும் வாய்ப்புச் சரிபாதி. விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்ட் 1884ஆம் ஆண்டில், முப்பது வயதில், ஒரு வீழ்ச்சியின் பின் இறந்தமைக்கும் இதுவே காரணம். அலெக்சாந்திராவின் தமையனைக் கொண்டுபோனதும் இதுவே.

ருஷ்ய இளவரசர் நிக்கலஸ் அவரை விரும்பி மணங்கேட்டபோது, அலெக்சாந்திரா முதலில் மறுத்தார். காதல் இல்லாமலன்று, மதம் மாற மனம் ஒப்பாமையினால். லூதரன் திருச்சபையிலே உறுதிபெற்ற பெண் அவர். நெடுநாள் மனப்போராட்டத்தின் பின் 1894ஆம் ஆண்டில் இணங்கி, ருஷ்ய வைதிகத் திருச்சபையைத் தழுவி, அவ்வாண்டிலேயே சக்கரவர்த்தினியானார். எளிதில் மாறாதவர் மாறியபோது முழுதும் மாறினார். தம்மைச் சூழ்ந்த பிரபுக்கள் பலருக்குச் சடங்காக இருந்த சமயம் அவருக்கு உயிர்மூச்சாயிற்று. திருவுருவங்களும் விளக்குகளும் அவர் படுக்கையறைச் சுவரை நிறைத்தன.

அடுத்து வந்த ஆண்டுகளிலே நான்கு பெண்மக்கள் பிறந்தனர்: 1895இல் ஓல்கா, 1897இல் தத்தியானா, 1899இல் மரியா, 1901இல் அனஸ்தாசியா. அழகும் அறிவும் உடைய பிள்ளைகள். ஆயினும் ருஷ்யச் சட்டப்படி ஆண்வழியிலே ஒருவரும் இல்லாதொழிந்தாலன்றிப் பெண் அரியணை ஏற இயலாது. ஒவ்வொரு பெண் பிறந்தபோதும் நாடு பெருமூச்சு விட்டது. தாய் அதனைக் கேட்டார். 1903ஆம் ஆண்டு கோடையில் சாரோவ் என்னும் ஊரிலே செராபிம் என்ற துறவிக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அரச தம்பதிகள் அங்கே யாத்திரை சென்றனர். ஆயிரமாயிரம் ஏழை மக்களோடு மக்களாக வழிபட்டனர். அப்புனிதரின் பெயரால் வழங்கிய ஊற்றிலே சக்கரவர்த்தினி இரவிலே நீராடி ஆண்மகவு வேண்டினார். பிள்ளை வரம் வேண்டித் தீர்த்தமாடும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. அடுத்த ஆண்டு, 1904 ஆகஸ்ட் 12ஆம் நாள், ஆண்மகவு பிறந்தது. தலைநகரிலே பீரங்கி வேட்டுகள் முந்நூற்றுக்குமேல் முழங்கின. குழந்தைக்கு அலெக்சேய் என்று பெயரிட்டனர்.

மகிழ்ச்சி ஆறு வாரம் நிலைத்தது. ஒருநாள் குழந்தையின் கொப்பூழிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கி, நிற்பதற்கு நெடுநேரமாயிற்று. பிள்ளை தவழ்ந்து, தளர்நடை பயின்று விழத்தொடங்கியபோது, ஏனைய குழந்தைகளுக்குச் சிறு கன்றலாக மறையும் அடிகள் அவனுக்குக் கருநீலக் கட்டிகளாக எழுந்தன. தாய்க்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தமையன் இறந்த கதையை அவர் அறிவார். மாமன் இறந்த கதையை அறிவார். தமக்கை ஐரீனின் புதல்வருள் ஒருவன் நான்கு வயதில் இந்நோயால் மாண்டது அவ்வாண்டின் தொடக்கத்திலேயே. வரமிருந்து பெற்ற பிள்ளைக்குத் தாமே நஞ்சூட்டிவிட்டதாக அத்தாய் எண்ணினார். அந்த எண்ணம் இறக்கும்வரை அவரை விட்டு நீங்கவில்லை.

நோயுற்ற பிள்ளையைப் பெற்ற தாய்மாரைப் பிடிக்கும் முதல் இருள் இதுவே. முன்வினையோ, யார் இட்ட சாபமோ, நாள் பார்க்காத குற்றமோ என்று நெஞ்சு தன்னைத்தானே விசாரணைக் கூண்டில் ஏற்றுகின்றது. நோயின் காரணம் ஒரு நிறமூர்த்தத்தின் சிறு பழுது என்பதும், அப்பழுதைத் தாய் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும், குற்றம் வேறு காரணம் வேறு என்பதும் அவ்விருளிலே புலப்படுவதில்லை. அலெக்சாந்திராவின் வழிபாடு அன்றுமுதல் பாவமன்னிப்புக் கேட்பவரின் வழிபாடாயிற்று. அரண்மனைக்கு அருகே எழுந்த ஆலயத்தின் கீழறையிலே, இருளில் தனியே மணிக்கணக்காக அவர் முழந்தாளிட்டிருப்பார்.

இரண்டாவது இருள் இரகசியம். அரியணைக்கு உரியவன் தீராத நோயாளி என்பது நாட்டுக்குத் தெரியலாகாது என்று அரண்மனை முடிவு செய்தது. பிள்ளையோடு எந்நேரமும் இரு கடற்படை வீரர் சென்றனர். அவன் நடக்க இயலாத நாள்களிலே அவர்களே தூக்கிச் சென்றனர். 1913ஆம் ஆண்டில் ரோமனோவ் மரபின் முந்நூறாவது ஆண்டுவிழா ஊர்வலத்திலே, ஒன்பது வயது நிரம்பும் இளவரசனை ஒரு வீரன் கைக்குழந்தைபோல் ஏந்திச் செல்வதை மக்கள் கண்டனர். ஏனென்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இந்த இரகசியத்தின் முழுக் கொடுமையும் 1912ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், போலந்து நாட்டின் ஸ்பாலா என்னும் வேட்டை மாளிகையிலே வெளிப்பட்டது. படகிலே தாவியபோது பிள்ளையின் தொடையிலே அடிபட்டது. அது சற்று ஆறியதென்று எண்ணிய வேளையில், தாய் அவனை வண்டியிலே காற்றாட அழைத்துச் சென்றார். கரடுமுரடான பாதையின் குலுக்கத்தில் உள்ளே மீண்டும் இரத்தம் பெருகிற்று. தொடையும் அடிவயிறும் வீங்கின. கால் மார்போடு மடங்கியது. எட்டு வயதுப் பிள்ளையின் அலறல் மாளிகைச் சுவர்களை ஊடுருவிற்று.

அதே மாளிகையில் விருந்தினரும் இருந்தனர். பகலில் வேட்டை, இரவில் விருந்து. ஒருநாள் மாலை இளவரசிகள் மோலியேரின் நாடகத்திலிருந்து சில காட்சிகளை நடித்தனர். சக்கரவர்த்தினி முன்வரிசையில் அமர்ந்து புன்னகையோடு உரையாடிக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்தபின் நடைபாதையிலே நின்ற பிரெஞ்சு ஆசிரியர் பியேர் ஜிலியார், மூடிய கதவுக்கு அப்பாலிருந்து முனகலைக் கேட்டார். அடுத்த கணம், தடுக்கும் ஆடையை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரவர்த்தினி ஓடிவருவதைக் கண்டார். அவர் முகம் வெறிபிடித்தவர் முகம்போல் இருந்தது. சில நிமிடங்களின் பின் அவர் திரும்பிவந்து மீண்டும் விருந்தினர் நடுவே புன்னகை பூத்தார். சுவிற்சர்லாந்து நாட்டவராகிய ஜிலியார் பின்னாளில் எழுதிய நினைவு நூலிலே இதனைப் பதிந்துள்ளார். அரச குடும்பத்தின் துன்பம் இன்னதென்று அவருக்கு அன்றுதான் விளங்கிற்று.

நாள்கள் செல்லச்செல்ல நம்பிக்கை தேய்ந்தது. தாய் ஆடை மாற்றாமல், படுக்கையருகே கிடந்த சாய்விருக்கையிலேயே பொழுதைக் கழித்தார். தான் இறந்துவிட்டால் வலி இராதல்லவா என்று பிள்ளை தாயைக் கேட்டதாகச் சொல்வர். தோட்டத்தில் கூடாரம் அமைத்து வழிபாடு நடந்தது. இறுதியில் நோய் இன்னதென்று சொல்லாமலே, இளவரசர் கவலைக்கிடமாக உள்ளார் என்று நாட்டுக்கு அறிவித்தனர். கடைசித் திருவருட்சாதனமும் கொடுக்கப்பட்டது. அந்நிலையில் சக்கரவர்த்தினி சைபீரியாவிலிருந்த கிரிகோரி ரஸ்புதீன் என்னும் நாட்டுப்புறத்தானுக்குத் தந்தி அனுப்பச் செய்தார். பிள்ளை இறக்கமாட்டான், வைத்தியர் அவனை மிகவும் தொந்தரவு செய்யவேண்டாம் என்னும் கருத்திலே மறுதந்தி வந்தது. அடுத்துச் சில நாள்களுக்குள் இரத்தப்பெருக்கு நின்றது. பிள்ளை பிழைத்தான்.

இதற்கு விளக்கம் கூற முயன்றோர் பலர். இத்தகைய இரத்தக் கசிவு ஓர் எல்லையை அடைந்தபின் தானே நின்றுவிடுவதும் உண்டு. வீங்கிய இடத்தை அழுத்திப் பார்க்கும் கைகள் விலகினால் உறைந்த இரத்தம் கலையாமல் இருக்கும். தாயின் பதற்றம் தணிந்தால் பிள்ளையின் உடலும் அடங்கும். 1899ஆம் ஆண்டிலிருந்து வழக்கத்துக்கு வந்த அஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் இயல்புடையது. அதனை வைத்தியர் கொடுத்துவந்து, பின் நிறுத்தியிருக்கலாம் என்று ஊகிப்போரும் உளர். பிள்ளையின் படுக்கையருகே பல நாள் விழித்திருந்த தாய்க்கோ இவ்விளக்கங்கள் எவையும் வேண்டியிருக்கவில்லை. வைத்தியர் கைவிட்டனர், ஒரு மனிதன் பிழைப்பான் என்றான், பிள்ளை பிழைத்தான். அவருக்கு அது போதும்.

அவர் இறைவனை நம்பியதில் யாரும் பிழை காண்பதற்கில்லை. அந்த நம்பிக்கையை ஒரு மனிதனின் கையிலே முழுவதும் ஒப்படைத்ததிலேதான் இடர் பிறந்தது. ரஸ்புதீனின் குடியும் ஒழுக்கக்கேடும் பற்றிச் சொல்ல வந்தவர்களை அவர் பகைவராகக் கொண்டார். அவனைக் குறைகூறுபவர் தம் மகனின் உயிருக்கு உலைவைப்பவர் என்று அஞ்சினார். 1915ஆம் ஆண்டில் மன்னர் போர்முனைத் தலைமையகத்துக்குச் சென்றபின், அமைச்சர் நியமனங்களிலும் அவனுடைய சொல் ஏறிற்று. பிள்ளையின் நோயை அறியாத மக்கள், அந்த நாட்டுப்புறத்தான் அரண்மனைக்குள் நுழைவதற்கு வேறு காரணங்களைக் கற்பித்தனர். பழிச்சொல் பரவிற்று. உண்மையைச் சொல்லியிருப்பின் ஒரு தாயின் துயரத்துக்கு நாடே இரங்கியிருக்கக்கூடும். மறைத்தமையால் இரக்கத்துக்கு உரியவர் வெறுப்புக்கு உரியவரானார். ரஸ்புதீன் 1916 டிசம்பரில் கொல்லப்பட்டான். பேரரசு வீழ்ந்தமைக்குப் போரும் பசியும் பழைய அநீதிகளும் பெருங்காரணங்கள். ஆயினும் ஒரு நோயாளிப் பிள்ளையின் அறையிலே பிறந்த அச்சமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது என்பதை மறுத்தற்கில்லை.

இவ்வளவோடு கதையை நிறுத்துவோர், நம்பிக்கையால் விளைந்தது கேடே என்று முடிவுசெய்துவிடுவர். அம்முடிவு அவசர முடிவு. அதே தாயின் நம்பிக்கைக்கு வேறொரு முகமும் உண்டு. அதனைக் காட்டும் நிகழ்ச்சி அரசியல் வரலாற்றிலே அதிகம் பேசப்படுவதில்லை.

ஸ்பாலாவின் பின்னர் ஜிலியார் இளவரசனுக்கு ஆசிரியராக அமைந்தார். பிள்ளை கூரிய அறிவுடையவன், விளையாட்டுப் பிரியன். சைக்கிள் கூடாது, பந்தாட்டம் கூடாது, ஓடக்கூடாது என்று தடைகள் பெருகப்பெருக அவன் தன்னை அடக்கும் ஆற்றலை இழந்துவந்தான். கண்ணை இமை காப்பதுபோல் அருகிலேயே நிற்கும் காவலர், அவன் தானே சிந்தித்து நடக்கும் திறனை வளரவிடவில்லை. ஜிலியார் துணிந்து பெற்றோரிடம் சொன்னார்: இந்தக் காவல் பிள்ளையின் உடலைக் காக்கலாம், உள்ளத்தைக் கெடுத்துவிடும், அவனுக்குச் சிறிது சுதந்திரம் கொடுத்து, தன்னைத்தானே காத்துக்கொள்ளப் பழக்கவேண்டும். ஒரு சிறு வீழ்ச்சி உயிரைக் குடிக்கக்கூடும் என்பது அத்தாய்க்குத் தெரியும். தெரிந்தும் இருவரும் சம்மதித்தனர். பிள்ளையும் தன்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கையை உணர்ந்து கவனமாக நடப்பதாக வாக்களித்தான்.

சில காலம் நன்றாகவே சென்றது. ஒருநாள் பாட அறையிலே நாற்காலிமேல் ஏறிநின்ற பிள்ளை வழுக்கி விழுந்தான். முழங்கால் ஒரு தளபாடத்தின் மூலையிலே மோதிற்று. மறுநாள் அவனால் நடக்க இயலவில்லை. வீக்கம் முழங்காலிலிருந்து கீழ்நோக்கிப் பரவிற்று. ஜிலியார் நடுங்கிப்போனார். தம் ஆலோசனையின் விளைவு கட்டிலிலே கிடந்து துடித்தது. பெற்றோர் அவரை ஒரு சொல்லாலும் கடிந்துகொள்ளவில்லை. கொடுத்த சுதந்திரத்தைத் திரும்பப் பறிக்கவும் இல்லை. தாய் பிள்ளையருகே அமர்ந்து, குனிந்து அணைத்து, தேற்றி, இரவையும் பகலையும் கழித்தார். மருந்தில்லாத வலிக்கு அருகிருப்பே மருந்தாயிற்று.

ரஸ்புதீனின் தந்தியைப் பற்றிக்கொண்ட நம்பிக்கையும், பிள்ளையின் காவலைத் தளர்த்த இசைந்த நம்பிக்கையும் ஒரே நெஞ்சிலே வாழ்ந்தன. முன்னது பிள்ளையைச் சாவிலிருந்து காத்துத் தருமாறு பேரம் பேசிற்று. பின்னது, இருக்கும் நாள் சிலவாயினும் பலவாயினும் பிள்ளை மனிதனாக வளரட்டும் என்று அவனை இறைவன் கையிலே விட்டது. முன்னதற்குப் பெயர் அச்சம். அது பக்தியின் ஆடையை உடுத்தியிருந்தது. பின்னதே பக்தி.

அதன் பயனும் வீண்போகவில்லை. நோய் பல பிள்ளைகளைச் சிடுமூஞ்சிகளாக்கிவிடும். அலெக்சேயோ பிறர் துன்பத்தைக் கண்டு இளகும் உள்ளம் உடையவனாக வளர்ந்தான் என்று ஆசிரியர் எழுதுகின்றார். 1914ஆம் ஆண்டில் போர் மூண்டபோது, தாயும் மூத்த பெண்மக்கள் இருவரும் தாதியர் பயிற்சி பெற்று, காயமுற்ற வீரரின் புண்களைத் தம் கையாலேயே கழுவிக் கட்டினர். பல ஆண்டுகள் ஒரு பிள்ளையின் கட்டிலருகே இருந்து பழகிய கைகளுக்கு அது புதிய தொழிலாக இருக்கவில்லை.

1917 மார்ச் 15ஆம் நாள் மன்னர் முடிதுறக்க வேண்டியதாயிற்று. முதலில் மகனுக்கு முடியை விட்டுக்கொடுக்க எண்ணினார். பிறகு, உடனிருந்த வைத்தியர் பெதரோவைத் தனியே அழைத்து, பிள்ளையின் நோய் உண்மையில் தீராததா என்று வினவினார். தீராது என்றார் வைத்தியர். முடி ஏறினால் பிள்ளை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுவான் என்பதும் தெளிவாயிற்று. மன்னர் தம் பெயராலும் மகன் பெயராலும் முடிதுறந்தார். ஒரு பேரரசின் பத்திரத்திலே, பிரியமான மகனைப் பிரிய விரும்பவில்லை என்னும் தந்தையின் சொல்லும் இடம்பெற்றது.

அடுத்த சோதனை தாய்க்கு வந்தது. குடும்பம் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரிலே காவலில் இருந்தபோது, 1918ஆம் ஆண்டு இளவேனிலில் பிள்ளைக்கு ஸ்பாலாவுக்குப் பின் காணாத கடுமையான இரத்தக் கசிவு உண்டாயிற்று. அவ்வேளையில் மன்னரை வேறிடம் கொண்டுசெல்ல ஆணை வந்தது. பிள்ளையைப் பயணப்படுத்த இயலாது. கணவனோடு செல்வதா, நோயுற்ற மகனோடு நிற்பதா? சக்கரவர்த்தினி அறையிலே மேலும் கீழும் நடந்தார். இம்முறை தந்தி அனுப்ப ரஸ்புதீன் இல்லை. முடிவில், மகனை மூத்த மகளிரிடமும் ஆசிரியரிடமும் ஒப்படைத்துவிட்டுக் கணவனோடும் மகள் மரியாவோடும் புறப்பட்டார். நோயுற்ற மகனைப் பிறர் கையில் விட்டுப் பிரிந்த அத்தாயின் துயரம் சொல்லும் தரமன்று. பிறர் கை அவனைக் காத்தது. ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின் அவன் எகத்தரின்பூர்க்கிலே பெற்றோரை வந்தடைந்தான்.

1918 ஜூலை 16ஆம் நாள் இரவு கடந்து 17 பிறந்த வேளையிலே, காவலர் குடும்பத்தாரை எழுப்பிக் கீழறைக்கு வரச் சொன்னார்கள். நடக்க இயலாத மகனைத் தந்தை தம் கைகளிலே ஏந்திப் படியிறங்கினார். அங்கே அவர்கள் அனைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினான்கு வயது நிறைவதற்கு அலெக்சேய்க்கு ஒரு மாதமும் இருக்கவில்லை. அவனுடைய உயிரை நோய் கொண்டுபோகும் என்றே தாய் பதினான்கு ஆண்டு அஞ்சினார். நோய் கொண்டுபோகவில்லை, மனிதர் கொண்டுபோயினர். 2000ஆம் ஆண்டில் ருஷ்ய வைதிகத் திருச்சபை அக்குடும்பத்தைப் புனிதர் வரிசையிலே சேர்த்தது. 2007ஆம் ஆண்டில் அலெக்சேயின் எலும்புகளெனக் கருதப்படும் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. அக்குடும்பத்தாரின் எச்சங்களை ஆராய்ந்த அறிஞர், அவர்களிடம் இருந்தது ஹீமோபிலியாவின் அரிய வகையாகிய பி வகை என்று 2009ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

அந்த பி வகை நோய் வேறானது என்பதே 1952ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. இரத்தத்தை உறையச் செய்யும் காரணிகளுள் ஒன்பதாவது குறைவதால் அது உண்டாகின்றது. இன்று அக்காரணியை ஊசிமூலம் இரத்த நாளத்திலே ஏற்றுகின்றனர். அடிபட்டபின் மட்டுமன்றி, முன்கூட்டியே முறையாக ஏற்றிவந்தால் மூட்டுகள் பழுதடையாமல் காக்கலாம். வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளப் பெற்றோரும் பிள்ளைகளும் பழகுகின்றனர். பழுதான பரம்பரையலகுக்கு ஈடாக நல்லதொன்றைச் செலுத்தும் சிகிச்சைக்கும் 2022ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு அனுமதி வழங்கிற்று. அதன் விலை பெரும்பாலோர்க்கு எட்டாதது. காரணி மருந்தும் வறிய நாடுகளிலே தேவையான அளவு கிடைப்பதில்லை. எனினும், அலெக்சாந்திரா முழந்தாளிட்டுக் கேட்ட வரத்தின் பெரும்பகுதி இன்று ஒரு சிறு குப்பிக்குள் இருக்கின்றது.

ஆகவே இன்றைய பெற்றோருக்கு அந்தத் தாயின் வாழ்க்கை சில சொற்களை விட்டுச்சென்றுள்ளது. நீரிழிவாயினும், வலிப்பாயினும், இழுப்பாயினும், இரத்த நோயாயினும் பிள்ளையின் நோயை வெட்கமாகக் கருதி மறைத்தல் வேண்டா. பள்ளி ஆசிரியருக்கும் அயலாருக்கும் தெரிந்திருந்தால், ஆபத்து வேளையில் உதவக் கைகள் பல உண்டாகும். பிள்ளை தன் நோயைத் தன் வயதுக்கேற்ப அறிந்துகொள்ளட்டும்; காவலன் இல்லாத இடத்திலே அந்த அறிவே அவனுக்குக் காவல். நேர்த்தி வைப்பவர் வைக்கட்டும். ஆனால் நேர்த்தி வைத்த அன்றே மருந்தை நிறுத்துபவர் இறைவனைச் சோதிக்கின்றனரேயன்றி நம்பவில்லை. இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மந்திரித்த நீரை மட்டும் கொடுத்தால், நீரிழிவுப் பிள்ளைக்குச் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். வைத்தியரை விலக்கச் சொல்லும் எவரும், அவர் எவ்வளவு பெரிய அடியாராகத் தோன்றினும், பிள்ளைக்கு நண்பராகார்.

அப்படியாயின் வழிபாட்டுக்கு வேலை இல்லையா? உண்டு. நள்ளிரவில் மருந்தும் கொடுத்தாயிற்று, வைத்தியரும் சென்றாயிற்று, வலி மட்டும் எஞ்சியிருக்கின்றது என்னும் வேளையிலே, எழுந்து ஓடிவிடாமல் கட்டிலருகே இருக்கும் வலிமை வேண்டும். நோய்க்குத் தன்னையோ துணையையோ குற்றஞ்சாட்டாதிருக்கும் அமைதி வேண்டும். நாற்காலியிலிருந்து விழுந்த பிள்ளையை மறுபடியும் நடக்கவிடும் துணிவு வேண்டும். சுதந்திரம் கேட்ட ஆசிரியரைக் கடிந்துகொள்ளாத பெருந்தன்மை வேண்டும். இவற்றை எந்த மருந்துக் கடையும் விற்பதில்லை. இவற்றையே அலெக்சாந்திரா தம் இருண்ட கீழறையிலே கேட்டிருந்தால், அந்த வரம் தமக்கு முன்னரே கிடைத்திருந்ததை அவர் கண்டிருப்பார்.